கைமேல் கை

தொடக் கூடாது. அரங்கசாமியின் தோட்டத்துச் சாளை வீட்டில் எல்லோரும் காத்துவந்த விதி அது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அறிந்திருந்ததால் யாரும் மீறியதுமில்லை.

செவலையோ, தொட்டால் கடிக்கிற நாய்.

பல்லடம் சாலையில், ஒரு கோழிப்பண்ணை வாசலில், மண்வெட்டிக் காம்பால் அடிபட்டுக் கிடந்த அதைக் காரை நிறுத்தி ஏற்றிவந்தவர் அரங்கசாமியின் மனைவி பங்காரம்மா. உடம்பின் காயங்கள் ஆறிவிட்டன. ஆனால் மனிதக் கை ஒன்று தன்னை நோக்கி உயர்ந்தாலே அது தரையோடு ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. சோறு வைக்கக் குனிந்த அரங்கசாமியின் விரலையும் ஒருநாள் பதம் பார்த்துவிட்டது.

அது தலை கொடுத்த ஒரே கை ராசம்மாளுடையது. அந்தச் சாளையில் சாணி அள்ளியும் வாசல் கூட்டியும் தலை நரைத்தவர் அவர். கால்நடை மருத்துவர் மதிவதனி ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, காதின் அடியில் விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமிட்டு, பிறகு தோளிலிருந்து இடுப்புவரை உள்ளங்கையை மெல்ல நகர்த்துவார். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல சாமி" என்று அவர் முணுமுணுக்க, நாயின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

நாளை ராசம்மாள் திருப்பூருக்குப் போகிறார். பனியன் கம்பெனியில் வேலைசெய்யும் மகளோடு தங்கப்போகிற லைன் வீட்டில் நாய்க்கு இடமில்லை.

அரங்கசாமி தீர்மானமாகச் சொல்லியிருந்தார். "ஊட்டு ஆளுக கைக்கு அது அடங்கோணும். இல்லீன்னா நாய் வண்டிக்காரனுக்குச் சொல்லிப்போடுவேன்." அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

இன்று காலை பங்காரம்மா, நாயின் புண் தழும்பில் தடவ வேப்பெண்ணெய்ச் சீசாவை எடுத்துவந்தார். வாசற்கல்லின் மேல் அதை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். ராசம்மாள் குனிந்து எடுத்துக்கொண்டார். செவலை அப்போது தூரத்தில், மாட்டுக்கொட்டகை நிழலில் உறங்கிக்கொண்டிருந்தது.

செவலையை வீட்டாருக்குப் பழக்கிவிட வந்த மதிவதனி ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்த இளம்பெண். இந்தச் சாளைக்கு வருவது இதுதான் முதல்முறை.

"எனக்கு முதுகு புடிச்சுக் கெடந்தப்ப ஒரு டாக்டரும் ஊடு தேடி வரலீங்க அம்மணி. நாய்க்கு வாரீங்க!" என்று நாற்காலியில் இருந்தபடியே இடித்தார் அரங்கசாமி.

"கடிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்கே வந்திருப்பனுங்க."

பால் கறந்துகொண்டிருந்த பண்ணையாள் மாரப்பன் மாட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

செவலையை அழைத்துவந்து ராசம்மாள் வாசலில் அமர்ந்தார். அவருடைய உள்ளங்கை அதன் தோளில் படிந்ததும் நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"இப்ப நீங்க வாங்கம்மா" என்று பங்காரம்மாவைக் கூப்பிட்டார் மதிவதனி. "நாயை நேரடியாத் தொட வேண்டாங்க. ராசம்மா கை மேல உங்க கையை வைங்க. அதுக்குப் பழகின கையோட உங்க கையும் சேர்ந்து போகட்டும். அது அசந்து இருக்கறப்ப ராசம்மா மெதுவா கையை உருவிக்குவாங்க. உங்க கை மட்டும் நின்னுக்கும்."

மாட்டின் மடியில் மாரப்பனுடைய விரல்கள் அப்படியே நின்றன.

பங்காரம்மா வந்து குந்தினார். அவர் வலது கை நீண்டது. பாதி தூரத்தில், காற்றில், தயங்கி நின்றது. ஒருமுறை நாயைப் பார்த்தார். ஒருமுறை கணவரைப் பார்த்தார்.

"கடிக்காதுங்கம்மா. பயப்படாதீங்க."

"அதுக்கில்லீங்க அம்மணி..." பங்காரம்மாவின் குரல் தேய்ந்தது. "கையொறை ஏதாச்சும் போட்டுக்கிட்டுச் செய்யலாமுங்களா?"

"உறை போட்டா உங்க வாசமே அதுக்குத் தெரியாதுங்களே. வெறுங்கைதான் வேணும்."

நீண்ட கை மடிக்குத் திரும்பியது. பங்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். இந்த உயிரைச் சாலையிலிருந்து அள்ளிவந்தவரே அவர்தான்; அதைக் காப்பாற்ற ஒரு சாண் தூரம் கடக்க அவரால் முடியவில்லை.

அரங்கசாமி தொண்டையைச் செருமியபடி எழுந்தார். "பாத்தீங்களா? எங்கூட்டுக்காரிக்கே நாயின்னா இத்தனை பயம். வேற ஆருங்க இதைக் கட்டி மேய்க்கறது? நான் போய் அந்த வண்டிக்காரனுக்குப் போன் பண்ணிப்போட்டு வாரேன்."

அவருடைய செருப்போசை படியேறியது. அது கேட்டதும் ராசம்மாளின் உள்ளங்கைக்கு அடியில் நாயின் விலா மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. "எசமாங்க, ஒரு நிமிசமுங்க" என்று அவர் கெஞ்சியது அரங்கசாமியின் முதுகில் பட்டுத் திரும்பியது.

மதிவதனிக்கு எரிச்சலும் வருத்தமும் ஒருங்கே வந்தன. "என்னங்கம்மா இது? அது கண்ணை மூடிப் படுத்திருக்குது. இந்த வாயில்லாச் சீவனுக்கா இவ்வளவு பயம்?"

மாரப்பன் மாட்டுக்குப் பின்னாலிருந்து, வேண்டாம் என்பதுபோல் ராசம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

ராசம்மாள் நாயின் தோளிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்தார். உள்ளே போன் பண்ணப் போனவருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்:

"அம்மா நாய்க்குப் பயப்படலீங்க டாக்டரம்மா, என்னோட கையத் தொடத்தானுங்க பயப்படறாங்க."