அழாத பிள்ளை

கதவு சாத்திய பிறகும் பிள்ளை அழவில்லை.

அவள் கேமராவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்வாடியின் ஒற்றை அறை. ஒரு பாய், நாலைந்து பொம்மைகள். வெளியே போன தாய் மூன்று நிமிடம் கழித்துத்தான் உள்ளே வர வேண்டும். அதுவரை பிள்ளை என்ன செய்கிறது, தாயைத் திரும்பப் பார்த்ததும் என்ன செய்கிறது, இதுதான் ஆராய்ச்சி.

யோகித்துக்கு ஒன்றேகால் வயசு. கதவை ஒரு தரம் பார்த்தான். பிறகு மர வளையம் ஒன்றை எடுத்துக் குச்சியில் மாட்டினான்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மல்லிகைத் தோட்டத்து ஊர். இங்கே பிள்ளைகள் இடுப்பிலேயே வளர்கிறவை. இடுப்பில் இல்லாவிட்டால் வரப்போரத்து வேம்பில் கட்டிய சேலைத் தொட்டிலில், அதுவும் தாயின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். தனி அறையில் தனிக் கட்டிலில் தூங்கிப் பழகிய பிள்ளைகளுக்காக எந்தச் சீமையிலோ யாரோ யோசித்த சோதனை இது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் வந்திருந்தாள்.

கதவு சாத்தியதும் ஒவ்வொரு பிள்ளையும் ஊரைக் கூட்டியது. ரொம்ப அழுதால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. நிறுத்தி நிறுத்தி, முழுசாக ஒரு பதிவுகூடத் தேறவில்லை. ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடு போனில் கடுகடுத்தார்.

போன வாரம் யோகித்தும் அப்படித்தான். முகம் கன்றிப்போய் வீறிட்டான். அவளே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நாகஜோதி பாய்ந்து வந்து மகனை அள்ளிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிறவரை அவன் தாயின் கழுத்தை விடவில்லை.

“பரவாயில்ல ஜோதி. அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துக்கலாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னாள்.

இன்று சத்தமே இல்லை.

முதல் முழுப் பதிவு. இந்த ஊர்ப் பிள்ளைகள் தாய் கண்ணில் படாவிட்டால் கலங்குவதில்லை என்று மனசுக்குள் ஒரு வாக்கியம்கூட ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரையே எழுதுவதா என்று கூச்சமாகவும் இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தேற்றிக்கொண்டாள்.

சோற்றுக்குச் சரிதான்.

கதவு திறந்தது.

யோகித் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். கை நீட்டவில்லை.

நாகஜோதியும் அவனைத் தூக்கவில்லை. வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

“அழுகவே இல்ல, பாத்தீகளா மேடம்?”

“ஆமா. எப்படி?”

“நீங்க சொன்ன அன்னைக்கே ஆரம்பிச்சிட்டேன். பூப்பறிச்சிட்டு வந்ததும் இவன உள்ள விட்டு வெளியில தாப்பா போட்டுருவேன். மொதல்ல கதவப் போட்டு அந்த அடி அடிச்சான். இவுக அப்பா என்னைய வையிறாரு. நான் தெறக்கலையே. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நான்தான் அழுதேன். ரெண்டு நாளா சத்தமே இல்ல.” மகனைப் பெருமையாகப் பார்த்தாள். “கற்பூரம் மேடம். டக்குனு புடிச்சுக்கிட்டான்.”

அவள் கேமராவை நிறுத்தினாள்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு மறுபடி எழுதித் தேறியவள் நாகஜோதி. முதல் நாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவளிடம் அடுத்த வாரம் இன்னொரு தடவை என்றால், அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைப் படித்துவிட்டு வந்து செய்திருக்கிறேன் என்று நினைத்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பேசாமல் கேமராவை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். கைடுக்குத் தெரியப் போவதில்லை. பெற்றவளுக்கும் தெரியப் போவதில்லை. அவள் சந்தோஷமாகவே இருப்பாள்.

நாளைக்கும் தாழ்ப்பாள் போடுவாள்.

“ஜோதி, இனிமே அப்படிப் பூட்டாதீங்க.”

“இல்ல மேடம், இப்ப பழகிட்டான்.”

“பழக்க வேணாம். அன்னைக்கு அழுதான்ல, அது தப்பே இல்ல. பிள்ளைன்னா அழுகத்தான் செய்யும். எனக்குப் பதிவுதான் பாதில நின்னுபோச்சு. நான்தான் ஒழுங்காச் சொல்லல.”

நாகஜோதியின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

“அப்ப அன்னைக்கே பாஸாயிட்டானா?”

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நாகஜோதி பாயருகே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“வா சாமி.”

இரண்டு கையையும் நீட்டினாள்.

யோகித் அந்தக் கைகளைப் பார்த்தான். ஒரு வளையத்தை எடுத்து ஒரு கையில் வைத்தான். அடுத்த வளையத்தைத் தேடப் போய்விட்டான்.

நாகஜோதி வளையத்தைப் பாயில் வைத்தாள். எழுந்தாள். யாரும் சொல்லாமலே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

இந்தத் தடவை அவன் கதவைப் பார்க்கக்கூட இல்லை.

“அழு சாமி.” கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. “அம்மா இங்கதான் நிக்கிறேன். அழுடா தங்கம்.”

உள்ளே வளையம் குச்சியில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவள் எழுந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை. அவன் அழுவதற்காக அவளும் காத்திருந்தாள்.