இருபத்தேழாம் கேள்வி

ஹாலிஃபாக்ஸ் நகர நூலகத்தில், படிவங்களோடு திண்டாடுபவர்களுக்கு எழுதிக் கொடுப்பது மூதாட்டி கிளெனிஸின் தொண்டு. எதிரே, வேலை இழந்த ஹோவர்ட். வீட்டுக் கடன் வட்டிக்கான அரசு உதவியை இன்றைக்குள் கோராவிட்டால் வீடு வங்கிக்குப் போய்விடும்.

முதல் பக்கத்தில் அவன் பெயரை எழுதித் தொடங்கியவள், இருபத்தேழாம் கேள்வியில் நின்றாள்.

“‘வேலை போகலாம் என அறிந்திருந்தும் வீடு வாங்கியது ஏன்?’ இதுக்கு என்ன எழுத, கண்ணு?”

ஹோவர்ட் விழித்தான். “தெரியலம்மா.”

“யாருக்குத்தான் தெரியும்! இந்தக் கேள்விய எழுதின மகராசன் ஒரு நாளாவது வேலையில்லாம இருந்திருப்பானா?”

“இருக்கான்மா, மூணு மாசமா. அவன் பேரைத்தான் முதல் பக்கத்துல எழுதியிருக்கீங்க.”

கிளெனிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். “அப்போ பதிலையும் நீயே சொல்லு.”

“எதையாவது எழுதுங்கம்மா. எங்க ஆபீஸ்ல அதை யாருமே படிச்சதில்ல.”