சிவப்புப் பட்டை

மகிழ்ச்சி வராத யாரையும் அந்தக் கேளிக்கைப் பூங்காவை விட்டு வெளியே அனுப்புவதில்லை. வாசலில் கணவன், பிள்ளைகள் எல்லோருடைய கையிலும் மகிழ்ச்சியை அளக்கும் பட்டை பச்சையாக எரிந்தது. சுடர்க்கொடியுடையது மட்டும் சிவப்பு.

“கொஞ்சம் சிரியேன்டி, ஆறு மணி பஸ்ஸு போயிரும்,” என்று கணவன் மாறன் பல்லைக் கடித்தான். அவளும் சிரித்துப் பார்த்தாள். பட்டை மசியவில்லை.

“எந்த ராட்டினத்துலயும் ஏறலையாம்மா?” என்று கேட்டார் காவலாளி.

“எங்க சார்? காலையில இருந்து இவங்க பையையும் செருப்பையும் பாத்துக்கிட்டு கீழயே நிக்கிறேன்.”

மாறனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “நாங்க போய் பஸ்ஸுல சீட்டுப் பிடிச்சு வைக்கிறோம். நீ எதுலயாவது ஒரு சுத்து சுத்திட்டு ஓடி வா.” அவள் தோளில் தொங்கிய ஐந்து பைகளையும் கழற்றிக்கொண்டு பிள்ளைகளோடு ஓடினான்.

சுடர்க்கொடி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கையில் ஒன்றுமில்லை. யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை.

பட்டை பச்சையானது.

சட்டென்று துப்பட்டாவால் மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

“இன்னுமா சிவப்பு?” என்றார் காவலாளி.

“ஆமா சார். இன்னும் கொஞ்ச நேரமாகும்.”