பக்கத்து இருக்கை

சர்வீஸுக்கு விட்ட ஸ்போர்ட்ஸ் காரின் முகப்பு நொறுங்கியிருந்தது. பல் டாக்டரம்மா மேனேஜரைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“மெக்கானிக் பசங்க எடுத்தப்ப தூண்ல லேசா உரசிடுச்சு மேடம்.”

“ஏன், தூண் குறுக்கே ஓடி வந்துச்சாக்கும்?”

அவன் பல்லிளித்தபடி சாவியை நீட்டினான். டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பெல்ட் போடச் சொல்லும் மணி விடாமல் அடித்தது. பக்கத்து இருக்கைக்கான விளக்கு எரிந்தது. அங்கே யாருமில்லை.

“சென்சார் கோளாறு மேடம். அன்னைக்கு நான் ஓட்டினதுலேர்ந்தே இப்படித்தான்…” அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“த்தூ! நீயெல்லாம் ஒரு மனுஷன். பழியைப் பசங்க மேல போடுறே.”

எரிச்சலோடு எட்டி, அந்தப் பெல்ட்டையும் இழுத்து மாட்டினார். மணி நின்றது.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. முன்னால் புடைத்து நின்று, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.