மூன்றாவது கவுன்ட்டர்

தபால் நிலையத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்ட்காரர் டோக்கன் எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக் கடைசி பெஞ்சுக்குப் போனார். லிஃப்ட் பழுதுபார்ப்பதை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

சாப்பிடப் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்று நினைத்தார்.

அங்கே இருக்க வேண்டியவள் அவருடைய ஒரே மகள்.

அவர் மனைவி இறந்த பிறகு, மகள் "என்கூட வந்து இருங்கப்பா" என்று கெஞ்சினாள். அவர் மசியவில்லை. "அப்ப இனிமே கூப்பிடவே மாட்டேன்" என்றாள். "கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்றார்.

இரண்டு பேரும் சொன்ன சொல் தவறவில்லை.

அவள் செய்தது திமிர் என்றார் அவர். அவர் செய்தது வீம்பு என்றார்கள் சொந்தக்காரர்கள். அவர் மட்டும் அதை வைராக்கியம் என்று சொல்லிக்கொண்டார். மனைவி இருந்திருந்தால், "ரெண்டும் அடம் பிடிக்குதுங்க" என்று ஒரே வரியில் முடித்து, இருவருக்கும் தட்டு வைத்திருப்பாள்.

ஆனாலும் வாரம் தவறாமல் இங்கே வருவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முத்திரை குத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு முன்நெற்றி முடியில் நரை தெரிய ஆரம்பித்திருந்தது. தன் எண் நெருங்கும்போது டோக்கனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்.

அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதில் அவருக்கு நிம்மதி. கொஞ்சம் ஏமாற்றமும்தான்.

சில மாதங்களுக்கு முன்பு தெருவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முன்பின் தெரியாதவர்கள்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டபோது, "யாரும் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து நடமாடி, இன்றுதான் வர முடிந்தது.

அவருடைய எண் மூன்றாவது கவுன்ட்டரிலேயே ஒளிர்ந்தது. இந்த முறை அவர் நழுவவில்லை.

"இங்க இருந்தவங்க லீவா?"

"அக்காவா? மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு தடவை ப்ரமோஷன் வந்தப்பவும் இந்த சீட்டை விட்டு நகர மாட்டேன்னு ஒரே பிடிவாதம். வாராவாரம் ஒருத்தர் வருவார், நான் இங்க இல்லேன்னா தேடுவார்னு சொல்வாங்க. திடீர்னு அவர் வர்றது நின்னு போச்சு. அவர் வீட்டுக்கே நாலஞ்சு தடவை போய்ப் பார்த்தாங்களாம், பூட்டியே கிடந்துச்சாம். அதுக்கப்புறம்தான் அவங்களே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாங்க."

அவர் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

பின்னால் நின்றவர் பொறுமையிழந்து இருமினார்.

"எந்த ஊருக்கு?" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியருகே குனிந்து மறுபடியும் கேட்டார்.