நாலு பத்து

மணி நாலு ஆறு. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

குழாயைச் சுற்றி நாற்பது பெண்கள், நூறு குடங்கள். நடுவில் நகராட்சி அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் ஜீவிதா. போனில் ஓடும் நேரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாளையம்பட்டிப் பக்கம் இருந்த அந்தத் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் எவருக்கும் தெரியாது. விடியலில் வரும். உச்சிவெயிலில் வரும். தெருவே கல்யாணத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து, சாக்கடையில் ஓடித் தீரும்.

ஜீவிதா அந்தக் குழாயில் ஒரு மீட்டரை மாட்டி ஒரு வருடம் கணக்கெடுத்தாள். தண்ணீர் வந்த நேரம், தொட்டியின் மட்டம், கரண்ட் போன நேரம், கிழமை, வெயில் என்று கிடைத்ததையெல்லாம் கணினிக்குள் கொட்டினாள். அது இன்றைய தேதிக்கு ஒரு நேரத்தைச் சொன்னது.

மாலை 4.10.

காலை ஏழு மணிக்கு அந்த வட்டாரத்து போன்களுக்கெல்லாம் அந்தச் செய்தி போனது. தப்பினால் இத்தோடு மூட்டை கட்டிவிடலாம் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அதிகாரியைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்தத் தெருத் தங்கச்செல்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

தண்ணீர் முறை நாளில் தங்கச்செல்வி மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் குழாயடியிலேயே கிடப்பாள். இன்று செய்தியை நம்பி வேலைக்குப் போய்விட்டு, ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராக இங்கே ஓடிவந்திருந்தாள்.

நாலு எட்டு.

நாலு ஒன்பது.

குழாய் ஒருமுறை இருமியது. புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு துப்பு. அப்புறம் தடதடவென்று, கண்ணாடி மாதிரி, தண்ணீர்.

போனில் நாலு பத்து.

தெரு கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தன. தங்கச்செல்வி ஜீவிதாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினாள். யாரோ முதல் குடத்தை அப்படியே ஜீவிதாவின் தலையில் கவிழ்த்தார்கள். அந்தத் தெருவில் தண்ணீரை இப்படிக் கொட்டி எவரும் பார்த்ததில்லை.

"ஏய், மழை என்னைக்கு வரும்னு அதுகிட்டக் கேட்டுச் சொல்லு புள்ள!"

ஜீவிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொப்பலாக நனைந்த சுடிதாரோடு சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அருப்புக்கோட்டை முழுக்க, ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு குழாய்க்கும் நேரம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்திருக்கிறது!

அப்போது தெருமுனையில் ஒரு மொபெட் திரும்பியது.

அந்த வட்டாரத்துக்குக் குடிநீர் வால்வு திறந்துவிடும் சின்னச்சாமி. புது வேட்டி, நெற்றியில் சந்தனம், வண்டியின் குறுக்கே ஆளுயர இரும்புச் சாவி. முகமெல்லாம் வியர்வை. வண்டியை நிறுத்தக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஜீவிதாவிடம் கேட்டார்.

"நாலு பத்துக்கு வந்துருச்சா தாயி?"

ஜீவிதா தலையாட்டினாள்.

அவருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "திருச்சுழியில தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. சாயங்காலம் நிதானமா வந்து திறந்துக்கிருவோம்னு பந்தியில உக்காந்துட்டேன். போனைப் பாத்தா ஆபீஸ்ல இருந்து நாலு பத்துன்னு போட்டுருக்கு. பாதி இலையில எந்திரிச்சு வண்டிய முறுக்குனேன். வால்வைத் திறந்துட்டு நேரா இங்கதான் வாரேன். இருபத்திரண்டு வருசத்துல எனக்கு யாரும் நேரம் சொன்னதே இல்ல பாத்துக்கோங்க."

ஜீவிதா போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பின்னால் பெண்கள் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்செல்வி நாலாவது குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

அடக்கிப் பார்த்தும் முடியாமல் ஜீவிதாவுக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, மற்றவர் காதில் விழாதபடி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, அடுத்த முறைக்கு எத்தனை மணின்னு போடட்டும்?"

சின்னச்சாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"காலையில எட்டரைன்னு போடுங்க தாயி. கரெக்டா வாரேன்."