நாற்பது அருமையும் ஒரு ஊசியும்

"இந்தம்மாவை இன்னைக்கே குழுவை விட்டுத் தூக்கறேன் பாரு."

பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி விற்கும் கடைக்காரர் செல்போனை மேசையில் நங்கென்று வைத்தார். மனைவி ஃப்ரிட்ஜ் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைங்க?"

"ஊசின்னு பேர் வெச்சுக்கிட்டு ஒரு தையல்காரம்மா எழுதுதே, அதைத்தான். நேத்து நான் போட்ட கதைக்கு நாப்பது பேர் 'அருமையான முடிவு'ன்னு சொல்லிட்டாங்க. இது மட்டும் 'கதை பாதியில நிக்குது, கடைசிப் பத்தி எங்கே'ங்குது. கொழுப்பு."

இணையத்தில் சொந்தமாகக் கதை எழுதுகிறவர்களின் குழு அது. உன் கதைக்கு நான் ஒரு கருத்து போடுவேன், என் கதைக்கு நீ ஒன்று போட வேண்டும். எல்லோரிடமும் பேரம் பேசி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே இவர்தான்.

"குடுங்க, பார்ப்போம்." மனைவி வாங்கிப் படித்தாள். "'அம்மா கதவைத் திறந்தாள்.' சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன, வாசல்ல மகன் நிக்கிறான்ல?"

"எங்கே நிக்கிறான்? கதவோட கதை நின்னுபோச்சு. நீங்க காப்பி பண்ணி ஒட்டும்போது வால் விட்டுப்போச்சுங்க."

பிடுங்கிப் பார்த்தார். மகனைக் காணவில்லை.

"அப்ப அந்த நாப்பது பேரும்?"

"ஒருத்தரும் படிக்கல."

"திருட்டுக் கூட்டம். படிக்காமலே எப்படிக் கூசாம அருமைன்னு எழுதறான்?" கொதித்தார். கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி என் நாவலை இந்தம்மா படிச்சே ஆகணும். கெஞ்சியாவது கேட்டுடறேன்."

"இப்பத்தான் தூக்கறேன்னீங்க?"

"தலைமேல தூக்கி வெச்சுக்கறேன், போதுமா?"

விலை பேசினால் ஒரு படி இறங்காத மனிதர், நான்கு முறை அழித்தழித்துப் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். அனுப்புவதற்காகத் தையல்காரம்மாவின் பக்கத்தைத் திறந்தார்.

முதலில் இருந்தது முந்தாநாள் பதிவு:

"நாலு வருஷமாக எழுதுகிறேன். யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. இந்த வாரம் வரும் உங்கள் கதைகளைப் படித்துச் சொல்லிவிட்டு விலகிவிடுகிறேன். இந்த வரிவரைக்கும் யாராவது ஒருவர் படித்திருந்தால் சொல்லுங்கள், இருந்துவிடுகிறேன்."

கீழே ஒரே ஒரு கருத்து:

"அருமையான கதை. அடுத்த பகுதிக்கு ஆவலுடன் காத்திருக்கிறேன்."

அதன் பக்கத்தில், கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது கடைக்காரரின் படம்.